ரோசா அக்காவின் விரல் அளவு

ரெட்டியார்பாளையம்
19 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

அன்பு மருமகள் ஜூலிக்கு அமலநாதன் மாமா எழுதிக்கொள்வது.

இப்படி நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ உன் அம்மாவோடு சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாயே, அன்றைக்கே சைக்கிள் கடை லூர்துபிரகாஷிடம் சொன்னேன்: "பாத்துக்கினே இரு, இந்தப் பொண்ணு ஒரு நாள் எனக்குத்தான் கடுதாசி போடும்." டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சிரித்தான். இப்போது உன் கடிதம் அவன் கடை விலாசத்துக்கே வந்திருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது. தேதி ஒன்றைத்தான் நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.

கடை விலாசத்துக்கு எழுதியது நல்ல புத்தி. வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அம்மாவின் மடியில்தான் இருக்கும். நான் பேசினால் குரல் காலாப்பட்டு வரை கேட்கும் என்று வேறு சொல்கிறார்கள். குரல் வளம் அப்படி.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கல்யாண மோதிரம் உன்னிடம் இருக்கிறது. அதைச் சின்னதாக்கி உன் அம்மா விரலுக்குப் பொருந்தும்படி செய்து அனுப்ப வேண்டும். அக்காவுக்குத் தெரியாமல் நான் அளவெடுத்துத் தர வேண்டும். அவ்வளவுதானே? இந்தப் புதுச்சேரியில் அந்த வேலைக்கு என்னைவிட அனுபவசாலி யார்? அந்த மோதிரத்துக்கே அளவெடுத்தவன் நான்தான்.

1988-ம் வருஷம். மாப்பிள்ளை மோதிரம் பெண் வீட்டார் செய்ய வேண்டும். மாப்பிள்ளையிடம் போய் விரலை நீட்டு என்று கேட்பது மரியாதை இல்லை என்று எங்கள் அப்பா சொல்லிவிட்டார். உன் அப்பா சவரிநாதன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெத்தாங் குண்டு எறியப் போவார். இருபத்தொரு வயதில் நான் அதுவரை அந்த இரும்புக் குண்டைத் தொட்டதுகூட இல்லை. எதிர்க்கட்சியில் சேர்ந்து ஒரே வீச்சில் அவருடைய மூன்று குண்டுகளையும் தெறிக்கவிட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். தோற்ற மனுஷன் கைகொடுக்க வந்தார். கொடுத்த கையை விடாமல், "மச்சான், ஒங்க ரேகை ராஜரேகையா இருக்குதே" என்று பேச்சுக் கொடுத்து, பையிலிருந்த பஸ் டிக்கெட்டை அவர் விரலில் சுற்றி, ஒட்டும் இடத்தில் கிழித்துக்கொண்டேன்.

மோதிரம் தொளதொளவென்று வந்ததும், முப்பத்து மூன்று வருஷம் அவர் அதில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டதும் வேறு கதை. அது ஆசாரியின் தப்பு.

நேற்று வேலையை முடித்துவிட்டேன். அக்கா மாதா படத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய மார்க்கெட்டில் நான் வாங்கிவந்த வாழைநார், தண்ணீரில் ஊறி நல்ல பதத்தில் இருந்தது. ஒரு நாரை எடுத்து அவள் இடது மோதிர விரலில் சுற்றினேன்.

"இன்னாடா விளையாட்டு? பூவ கட்ட வுடு."

"நார்க்காரன் ஏமாத்திட்டானான்னு பாக்கறேன்கா."

"அவன் ஏமாத்தல. பொறந்ததுலேர்ந்து நீதான் ஏமாத்தற."

அதற்குள் இரண்டு முடிச்சுப் போட்டு உருவிவிட்டேன். முடிச்சுக்கு முடிச்சு அளவு. இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். மயிரிழை பிசகாது.

அந்த விரல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காய்ச்சலில் கை வீங்கியபோது ஆஸ்பத்திரியில் அவள் மோதிரத்தை வெட்டி எடுத்தார்களே, அதன் பிறகு வேறெதுவும் போடவில்லை. சில நேரம் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவுகிறாள். இதை நான் ஜோடித்து எழுதவில்லை.

உன் மாமா,
அமலநாதன்


லியோன், பிரான்ஸ்
7 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

உங்கள் உறையைப் பிரித்ததும் காய்ந்து சுருண்ட ஏதோ ஒன்று மடியில் விழுந்தது. பூரான் என்று நினைத்து நாற்காலி மேல் ஏறிவிட்டேன். வாழைநார் காய்ந்தால் சுருங்கும் என்று தினமும் பூ கட்டும் வீட்டில் இருப்பவருக்கு நான் இங்கேயிருந்து சொல்ல வேண்டுமா? நகைக்கடை மதாம் அதை நீட்டிப் பார்த்தார். நாற்பத்தாறு மில்லிமீட்டர் காட்டியது. பிறகு இரண்டாக ஒடிந்தது. "உன் அம்மாவுக்கு என்ன வயது, பத்தா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். நூல் இழுபடும், நார் சுருங்கும், அதனால் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். விரலைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். விடியற்காலையில் விரல் மெலிந்திருக்கும், உச்சி வெயிலில் உப்பியிருக்கும், ஆகவே சாயங்காலம் எடுப்பது நல்லது. விரலின் அடியை மட்டும் அளந்தால் போதாது. நடு மூட்டையும் அளக்க வேண்டும். மோதிரம் அதைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்? வயதாக ஆக மூட்டுதான் தடிக்கும்.

உச்சி வெயிலில் இரும்புக் குண்டைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அளந்தால் மோதிரம் தொளதொளவென்றுதான் வரும் மாமா. பாவம், அந்த ஆசாரியைத் திட்டாதீர்கள்.

மூட்டுகளைப் பற்றி எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் எடுக்கும் எக்ஸ்ரேக்களில் பாதி கைகள்தான். யாரோ ஒருவருடைய அம்மாவின் கையைப் பிடித்து, விரல்களை விரித்துத் தட்டில் வைத்து, அசையாதீர்கள் என்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். என் அம்மாவின் விரல் அளவு மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா சுற்றிய நூல் இன்னும் மோதிரத்தில் இருக்கிறது. வெள்ளை நூல், பழுப்பாகிவிட்டது. ஒவ்வொரு ஈஸ்டர் பாஸ்கு திருநாளுக்கும் புது நூல் சுற்றுவார். முடிச்சு நழுவாமல் அழுத்திக்கொள்ள என் விரலைக் கேட்பார். நான் அழுத்திக்கொள்வேன், அவர் இறுக்கிவிட்டு மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். இந்தக் கடைசி நூலுக்கு யார் விரல் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பீரோவிலிருந்து மோதிரத்தை எடுத்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அதைத் தேடினாளா?

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்பா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "பரீட்சை நேரம், அவளுக்குச் சொல்ல வேணாம்" என்று அம்மா முடிவு செய்தாள். ஒன்பதாம் நாள் சொல்லியிருந்தால்கூட ஓடி வந்திருப்பேன். நான் வந்து சேர்ந்தபோது கல்லறைமேல் பூ வாடியிருந்தது. அவளிடமிருந்து எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. எடுத்தேன். இப்போது விரலில் போட்டாலும் கழற்றி வைத்தாலும் கனக்கிறது.

ஜூலி


ரெட்டியார்பாளையம்
23 பிப்ரவரி 2025

அன்பு மருமகளுக்கு,

உன் மதாம் கெட்டிக்காரிதான். ஆனால் காகிதம் நம் வீட்டுக்குச் சரிப்படாது. காகிதமும் பேனாவுமாக நான் பக்கத்தில் போனால், எதிலோ கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன் என்று உன் அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். 1988 சமாச்சாரத்தில் நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தப்பு சூரியனுடையது. ஆசாரியை மன்னித்துவிட்டேன்.

தேடினாளா என்று கேட்டாய். தேடினாள். பீரோவைக் காலி செய்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறினாள். அப்பாவின் சட்டைப் பைகளைத் திருப்பிப் பார்த்தாள். அரிசி டின்னில்கூடக் கைவிட்டுத் துழாவினாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டுத் தலைக்குக் குளித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் கேட்காததிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது வெற்றிச் செய்தி. எட்டாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன் மூளை எப்படி வேலை செய்யும் என்று பார். லூர்துபிரகாஷ் கடையில் மூன்று சக்கர வண்டிக்குப் போடுகிற வாஷர் இருக்கிறது அல்லவா, நடுவில் ஓட்டை போட்ட இரும்பு வளையம்? ஐந்து அளவில் ஐந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பட்டுத் துணியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, மூட்டு வலிக்குக் காந்த வளையம். காலாப்பட்டு பக்கம் ஒரு புரொபசர் கண்டுபுடிச்சது. எது நோகாம உள்ள போவுதோ அதுதான் ஒனக்கு."

"கிரீஸ் நாத்தம் வருதே?"

"மருந்து வாசனைக்கா அது."

"லூர்து கட மருந்தா?"

ஆனாலும் கையை நீட்டினாள். முதலாவது மூட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மெதுவாகத் திருகித் திருகி மூட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. அளவு கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இறங்கியது திரும்ப ஏறாது என்று.

அக்கா விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரோசாவை நீ லேசாக எடைபோடாதே, அந்தக் காலத்துக் கான்வென்ட் படிப்பு. கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"மோதிரத்துக்கு அளவு எடுக்கறியா? அவகிட்ட சொல்லு. தபால்ல அனுப்ப வேணாம். அவளே கொண்டாந்து என் வெரல்ல போடணும்."

பிறகு நைலான் நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு முனையை வாஷருக்குள் விட்டு, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து வாஷரை மேலே கொண்டுவந்தேன். அரை மணி நேரம். அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த வாஷரையே அனுப்புகிறேன். இரும்பு. இது காயாது, சுருங்காது, உன் மதாமால் ஒடிக்கவும் முடியாது.

அமலநாதன் மாமா


லியோன்
16 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. முதல் நாள் இரவு உணவு இடைவேளையில் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அம்மா சொன்ன வரிகளுக்கு மேல் என்னால் போக முடியவில்லை. நூல் வித்தையை மறுநாள்தான் படித்தேன்.

வாஷரின் உள்சுற்று ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். மதாம் அதை அளவுகோலில் மாட்டிவிட்டு, உங்கள் நாட்டு நகையா என்று கேட்டார். எங்கள் மாமாவின் நகை என்றேன்.

சின்னதாக்க வேண்டுமென்றால் வளையத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டுமாம். உள்பக்கம் ஒரு பாதியில் ரோசா என்று பெயரும் மறுபாதியில் கல்யாணத் தேதியும் இருக்கின்றன. எந்தப் பக்கம் வெட்டட்டும் என்றார். நான் கடைக்கு வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் இரண்டு டிராம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய்த் தேதியை வெட்டச் சொன்னேன். நூலை மட்டும் நானே அறுக்கிறேன் என்றேன். கத்தரிக்கோல் கொடுத்தார். வேண்டாம் என்று பல்லால் கடித்தேன்.

நான் வருகிறேன் மாமா. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை காலை சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து வந்துவிடுவேன். விசேஷம் பார்த்து வரவில்லை, லீவு அப்போதுதான் கிடைத்தது. அம்மா வரச் சொல்லாமல் இருந்திருந்தால் தபாலில்தான் அனுப்பியிருப்பேன். அந்த வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. அவள் சொன்னதால் வருகிறேன்.

அவளிடம் தேதி சொல்ல வேண்டாம். சொன்னால் இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

ஜூலி


ரெட்டியார்பாளையம்
6 ஏப்ரல் 2025

அன்பு மருமகள் ஜூலிக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று தெரிந்து மிகவும் சந்தோஷம். மிகவும்.

ஒரு யோசனை மட்டும். இங்கே இந்த வருஷம் வெயில் பங்குனியிலேயே மண்டையைப் பிளக்கிறது. நேற்று லூர்துபிரகாஷ் கடை வாசலில் வைத்த டயர் உருகிவிட்டது. விரல் உப்பும் காலம் என்று உன் மதாமே சொல்லியிருக்கிறார். மூட்டிலேயே மோதிரம் நின்றுவிட்டால் நன்றாகவா இருக்கும்? டிசம்பரில் வந்தால் குளிர்ச்சியாக இருக்கும், திருநாளும் இருக்கும். அதுவரை தபாலில் அனுப்பி வைத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அக்கா அன்றைக்குச் சொன்னதையும் நீ அப்படியே வரிக்கு வரி எடுத்துக்கொள்ளாதே. மனுஷர்கள் ஒரு நேரம் ஒன்று சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதுகிறவன் கையும் ஒரு மாதிரி ஓடும். பெத்தாங் ஆட்டத்தில் நாற்பது பேர் கைதட்டினார்கள் என்று எழுதினேன். ஆறு பேர் இருந்திருக்கலாம். அவர்கள் கைதட்டியது உன் அப்பாவுக்காகவும் இருக்கலாம்.

இந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறேன்.

மாமா


லியோன்
4 மே 2025

அன்புள்ள மாமா,

நேற்று வந்து சேர்ந்தேன். தபால் பெட்டியைத் திறந்தால் உள்ளே உங்கள் கடிதம். வர வேண்டாம், டிசம்பரில் வா என்று! நான் வந்து, இருந்து, திரும்பியும் விட்ட பிறகு. உங்கள் அந்தோணியார் தொலைந்த பொருளைத்தான் கண்டுபிடித்துக் கொடுப்பார் போலிருக்கிறது, தபால் அவர் இலாகா இல்லை.

எதற்காகத் தடுத்தீர்கள்? அங்கே இருந்தபோது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. உங்கள் முகத்தைப் பார்த்தே நான் கேட்டிருக்க வேண்டும். நான் வாசலில் இறங்கியபோது எனக்கு முன்னால் ஓடிவந்து ஆட்டோக்காரரிடம் இல்லாத சண்டையை இழுத்தீர்கள். சட்டை முழுக்க வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பின்பக்கக் குழாயில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை, "முடிய வெட்டிட்டியா?"

ஆமாம் என்றேன். கைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அப்போதுதான் பயந்துபோய் அதைச் சொன்னேன்.

"நீதானம்மா கொண்டாந்து போடச் சொன்னே? மாமா எழுதினாங்க."

நீங்கள் பின்கதவில் வந்து நின்றிருந்தீர்கள். அம்மா உங்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தது போலிருந்தது எனக்கு. நீங்கள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமா," என்றாள். "நான்தான் சொன்னேன். சொல்லி எத்தினி நாளாச்சு? இப்பதான் வர்ற."

அரிசித் தண்ணீர் சொட்டச் சொட்டக் கையை நீட்டினாள். மோதிரம் மூட்டில் நின்றுவிட்டது. "அழுத்து, எறங்கும். இந்த வீட்டுல எதுதான் ஒடனே எறங்கிச்சு?" என்றாள். அழுத்தினேன். இறங்கியது. ரோசா என்ற எழுத்து அவள் விரல்மேலேயே உட்கார்ந்துகொண்டது. தேதி எங்கே என்று கழற்றிப் பார்க்கக்கூட இல்லை. இனி கழறாது என்றும் நினைக்கிறேன்.

பாஸ்கு சனிக்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கே ஒனக்குச் சொல்லியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். நானும், "கேட்டுட்டு எடுத்திருக்கணும்" என்றேன். தட்டுகளைத் துடைத்து அடுக்கினோம்.

பதினோரு நாள் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை மாமா. பொய் சொல்ல மாட்டேன். சில நாள் காலையில் எழுந்ததும் அந்தக் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நீங்கள் எழுதிய காகிதத்தில் அம்மா சொன்ன அந்த இரண்டு வரியை மட்டும் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். கோபம் வரும்போது எடுத்துப் படிக்கிறேன். நான் வருவதற்கு முன்னாலேயே, நான் ஒன்றும் கேட்காமலேயே அவள் என்னைக் கூப்பிட்டாள். அது ஒன்று போதும்.

ஜூலி


ரெட்டியார்பாளையம்
25 மே 2025

அன்பு மருமகள் ஜூலிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. லூர்துபிரகாஷ் கடையில் வைத்துப் படித்தேன். பர்ஸ் சமாச்சாரம் வந்த இடத்தில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சோடா வாங்கிக் கொடுத்தான்.

இந்த ஐந்து நாளில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் நான் நல்லவனாகத்தான் இருந்தேன். ஐந்தாவதை அக்கா எழுதச் சொல்லி எழுதுகிறேன்.

நீ போன மறுநாள் அக்கா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். திரும்பிவந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் அமலா. பெரிய வியாழக்கெழம அதுவுமா ஒன்னால நான் ஒரு பொய் சொன்னேன். சாமியார்கிட்ட சொல்லி மூணு ஜெபமால பரிகாரம் வாங்கினு வந்துருக்கேன். என் பொய்க்கு ஆச்சு. ஒன் பொய்ய நீ அவகிட்ட சொல்லிடு."

"சொன்னா அந்தப் பொண்ணு தாங்காதுக்கா."

"என் பொண்ணு தாங்குவா. ஒனக்குத்தான் தாங்காது."

அப்போதும் சொல்லாமல் இருந்திருப்பேன். எனக்குப் பழக்கம்தான். ஆனால் கோபம் வரும்போதெல்லாம் நீ அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதில் இருப்பது என் கையெழுத்து. என் சரக்கு. வயதான காலத்தில் நான் எழுதியதை நம்பி ஒருத்தி சோறு தண்ணி மாதிரி உள்ளே இறக்கிக்கொள்கிறாள் என்றால் எனக்கு இரவில் தூக்கம் வருமா?

ஆகவே எழுதுகிறேன். வாஷரைக் கழுவியது நிஜம். அது மாட்டிக்கொண்டது நிஜம். அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்தார்கள் என்றது பொய், பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி மட்டும் சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். நைலான் நூல் வித்தை எனக்குத் தெரியாது. அக்கா கண் கலங்கியதும் கிடையாது, வலியில் முகம் சுளித்தாள். தபாலில் வேண்டாம், அவளே கொண்டுவந்து போடணும் என்றது மொத்தமும் நான் எழுதியது. மோதிரத்தைப் பற்றியோ உன்னைப் பற்றியோ அவள் அன்றைக்குப் பேசவே இல்லை. நீ வந்து கையை நீட்டுகிறவரை அவளுக்கு எதுவுமே தெரியாது. குழாயடியில் என்னை அவள் பார்த்த பார்வையில் நான் செத்தேன். 'ஆமா' என்று ஏன் சொன்னாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. அதை நீ அவளையே கேட்டுக்கொள். போன் அவள் மடியில்தான் இருக்கிறது.

பர்ஸில் இருக்கும் காகிதத்தை வைத்துக்கொள்வதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். வாஷர் மாட்டிக்கொண்ட அன்றைக்கு ரோசா என்கிற என் அக்கா சொன்னது இது ஒன்றுதான், இதில் நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை: "நிக்கறியே, சோப்பு எடுத்தாடா."

அமலநாதன்